பூந்தொட்டிக்கு வண்ணம் பூசலாமா?

மண் தொட்டிக்கு வண்ணம் பூசுவது மிக எளிய பொழுதுபோக்கு. தொட்டி மலிவு, தூரிகை மலிவு, விடுமுறையில் நேரமும் ஏராளம். ஆனால் இந்த எளிய வேலையில் இயற்பியல் ஆசிரியனாகிய நானே தோற்றுப் போனேன் என்றால் நம்புவீர்களா? அந்தத் தோல்வியிலிருந்தே இக்கட்டுரையைத் தொடங்குகிறேன்.

எங்கள் ஊர் வெள்ளகோவில். வடக்கே நொய்யலும் தெற்கே அமராவதியும் ஓடினாலும் இரண்டுக்கும் இடைப்பட்ட எங்கள் நிலம் வறண்டது. வேலமரங்கள் நிற்கும் கொரங்காடும், உப்புக் கரிக்கும் கிணற்று நீரும், காய்ந்த காற்றுமே இங்கு மிகுதி. சென்ற கோடை விடுமுறையில் என் மகளும் நானும் ஆறு மண் தொட்டிகளை வாங்கி வந்தோம். ஐந்து தொட்டிகளின் வெளிப்புறம் முழுவதும் பளபளக்கும் எனாமல் பெயிண்ட் பூசினோம். பரண்மேல் இருந்த பழைய டப்பாக்களில் மஞ்சளும் சிவப்பும் மிச்சம் இருந்தன. ஆறாவது தொட்டிக்கு வந்தபோது பெயிண்ட் தீர்ந்துவிட்டது. பொங்கலுக்கு வாசலில் அடித்தது போக மீந்திருந்த சுண்ணாம்பையும் காவியையும் குழைத்து அதன்மேல் பட்டை அடித்து வைத்தோம். அது அழகில் கடைசி இடம்தான்.

இரண்டு மாதம் கழிந்தது. எனாமல் பூசிய தொட்டிகளில் அம்மைக் கொப்புளம் போல் பூச்சு புடைத்து எழுந்தது. விரலால் தொட்டால் வெற்றிலை அளவுக்குப் பெயர்ந்து வந்தது. பெயர்ந்த இடத்தின் அடியில் வெண்மையாய் மாவு போன்ற ஒரு பொருள் படிந்திருந்தது. ஒரு தொட்டியில் என் மகள் விதையிலிருந்து வளர்த்த கறிவேப்பிலைக் கன்று வேர் அழுகிப் பட்டுப்போயிற்று. ஆறாவது தொட்டியோ அப்படியே இருந்தது. அதன் செடியும் தழைத்திருந்தது.

தொட்டி விற்ற அம்மாளிடம் மறுமுறை சென்றபோது இதைச் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, "ஏனுங்க, சுத்தியும் பெயிண்ட்டப் பூசிப் போட்டீங்கன்னா தொட்டி எப்பிடிங்க மூச்சு உடும்? மண்ணுக்கு மண்ணுதானுங்க ஒட்டும்" என்றார்.

இரண்டே வாக்கியங்கள். ஆனால் அவற்றுக்குள் நுண்புழை ஏற்றம், ஆவியாதல், படிகமாதல் ஆகிய மூன்று பாடங்கள் அடங்கியிருக்கின்றன. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

தொட்டியின் சுவர் ஒரு சல்லடை

குயவர் வனைந்து உலர்த்திய பச்சைத் தொட்டியை நீரில் போட்டால் அது மீண்டும் சேறாகிவிடும். சூளையில் சுட்ட பின்னர் அவ்வாறு ஆவதில்லை. ஏன்? களிமண்ணின் மூலக்கூறு அமைப்பினுள்ளேயே நீர் பிணைந்திருக்கிறது. வெயிலில் காய்வது துகள்களுக்கு இடையே உள்ள நீர் மட்டுமே. ஏறத்தாழ 450 முதல் 600 டிகிரி செல்சியஸ் வரை சூடேறும்போதுதான் அமைப்பினுள் பிணைந்த நீர் வெளியேறுகிறது. அதன் பின் களிமண் வேறொரு பொருளாகிவிடுகிறது. திரும்பிச் சேறாக அதற்கு வழியில்லை.

நாட்டுச் சூளைகளின் வெப்பநிலை பொதுவாக 700 முதல் 900 டிகிரி வரை இருக்கும். இவ்வெப்பத்தில் துகள்கள் ஒன்றோடொன்று தொடும் இடங்களில் மட்டும் ஒட்டிக்கொள்கின்றன. இடைவெளிகள் அப்படியே நிற்கின்றன. பீங்கானை 1,200 டிகிரிக்கு மேல் சுடுகிறார்கள். அங்கு மண்ணின் ஒரு பகுதி உருகிக் கண்ணாடியாகி இடைவெளிகளை அடைத்துவிடுகிறது. ஆகவே பீங்கான் நீரைக் குடிப்பதில்லை. நம் தொட்டி குடிக்கிறது. விறகு குறைவாகச் செலவாவதால் தொட்டி மலிவாகிறது. அதே காரணத்தால்தான் அதற்கு நுண்துளைகளும் வாய்க்கின்றன. மலிவும் மூச்சும் ஒரே சூளையில் பிறந்தவை!

நுண்துளையை அளப்போம்

கண்ணுக்குத் தெரியாத துளைகளை அளக்க முடியுமா? முடியும். ஆர்க்கிமிடீஸ் தத்துவம் தெரிந்தால் போதும். உடைந்த தொட்டி ஓடு ஒன்றை நன்றாகக் காயவைத்து எடை போடுங்கள். 80 கிராம் இருப்பதாகக் கொள்வோம். அதை ஒருநாள் முழுவதும் நீரில் ஊறவைத்து, வெளியே எடுத்து, மேற்பரப்பை ஈரத்துணியால் ஒற்றிவிட்டு மீண்டும் எடை போடுங்கள். இப்போது 92 கிராம் என்று வைத்துக்கொள்வோம். ஓடு குடித்த நீர் 12 கிராம். 1 கிராம் நீரின் கன அளவு 1 கன சென்டிமீட்டர். எனவே துளைகளின் மொத்தக் கன அளவு 12 கன செ.மீ.

அடுத்து, ஊறிய ஓட்டை நூலில் கட்டி, சுருள்வில் தராசில் தொங்கவிட்டு, நீரில் முழுதாக அமிழ்த்தி எடை பாருங்கள். 49 கிராம் காட்டினால் எடை இழப்பு 43 கிராம். அதாவது ஓட்டின் மொத்தக் கன அளவு 43 கன செ.மீ. இதில் 12 கன செ.மீ. வெறும் துளை என்றால் ஏறத்தாழ 28 விழுக்காடு. கையில் கல்லைப் போல் கனக்கும் ஓட்டில் நான்கில் ஒரு பங்குக்கு மேல் வெற்றிடம்! இந்த எண்கள் கணக்கு விளங்குவதற்காகச் சொன்னவை. உங்கள் ஊர் ஓட்டின் உண்மையான எண்ணை நீங்கள்தான் கண்டறிய வேண்டும்.

இத்துளைகள் மிக நுண்ணியவை. மெல்லிய குழாயில் நீர் தானாகவே மேலேறுவதைப் பரப்பு இழுவிசைப் பாடத்தில் படித்திருப்பீர்கள். குழாயின் ஆரம் எவ்வளவு குறைகிறதோ, நீர் ஏறும் உயரம் அவ்வளவு கூடும். 1 மில்லிமீட்டர் ஆரமுள்ள கண்ணாடிக் குழாயில் நீர் ஏறத்தாழ ஒன்றரை சென்டிமீட்டர் ஏறும். ஆரம் ஆயிரத்தில் ஒரு பங்காக, அதாவது 1 மைக்ரானாகக் குறைந்தால் உயரம் ஆயிரம் மடங்காகி 15 மீட்டரைத் தொடும்! நம் தொட்டியின் உயரமோ ஒரு முழத்துக்கும் குறைவு. எனவே உள்ளே ஊற்றிய நீர் சுவரின் எந்த மூலைக்கும் தடையின்றிச் சென்றுவிடும். அங்கே காற்றுப் பட்டு ஆவியாகும்.

ஆவியாகும் நீர் வெறுங்கையோடு போவதில்லை, வெப்பத்தைக் கொண்டுசெல்கிறது. 30 டிகிரியில் 1 கிராம் நீர் ஆவியாக ஏறத்தாழ 580 கலோரி வெப்பம் தேவை. ஒரு நாளில் 100 கிராம் நீர் சுவர் வழியே ஆவியானால் 58,000 கலோரி வெளியேறும். இது 5 லிட்டர் நீரை 11 டிகிரிக்கு மேல் குளிர்விக்கப் போதுமானது. வெளியிலிருந்தும் வெப்பம் வந்துகொண்டே இருப்பதால் உண்மையில் அவ்வளவு குளிராது. ஆயினும் மண்பானைத் தண்ணீர் சில்லென்று இருப்பதும், மண் தொட்டியில் வேர் வேகாமல் பிழைப்பதும் இதனால்தான். ஈரம் வெளியேறும் அதே துளைகளின் வழியாகக் காற்றும் வேருக்குச் சென்று சேர்கிறது. தொட்டி விற்ற அம்மாள் "மூச்சு" என்றது இதைத்தான்.

எனாமல் ஏன் உரிந்தது?

எந்தப் பெயிண்ட்டிலும் மூன்று உறுப்புகள் உண்டு. நிறம் தரும் பொடி நிறமி. பொடியை ஒன்றோடொன்றும் பரப்போடும் ஒட்டவைப்பது பிணைப்பான். பூசுவதற்கு ஏற்ப இளக்கிவிட்டு ஆவியாகிப் போவது கரைப்பான். எனாமலின் பிணைப்பான் காய்ந்ததும் நீர் புகாத ஒரு தோலாகிவிடுகிறது. இரும்புச் சன்னலுக்கு இந்தத் தோல் பாதுகாப்பு. மண் தொட்டிக்கோ அது மூக்கை அடைப்பது போன்றது.

நாங்கள் செய்த தவறு இதுதான். தொட்டியின் வெளிப்புறத்தை அடைத்தோம். உட்புறத்தைத் திறந்து வைத்தோம். உள்ளிருந்து நீர் சுவருக்குள் ஏறியது. வெளியேற வழியின்றிப் பூச்சின் முதுகில் வந்து நின்றது. பகலில் வெயில் பட்டதும் என்ன நடந்திருக்கும்? 30 டிகிரியில் நீராவியின் தெவிட்டிய அழுத்தம் பாதரச அளவில் ஏறத்தாழ 32 மில்லிமீட்டர். 50 டிகிரியில் அது 92 மில்லிமீட்டர். அதாவது 60 மில்லிமீட்டர் கூடுகிறது. பூச்சுக்கும் ஓட்டுக்கும் இடையே சிக்கிய ஒரு சிறு குழியில் இவ்வளவு அழுத்தம் கூடினால், ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரிலும் ஏறத்தாழ 80 கிராம் எடை உள்ளிருந்து தள்ளுவதற்குச் சமம். சிக்கிய காற்றும் சூட்டில் விரிந்து தன் பங்குக்குத் தள்ளும். இரவில் குளிர்ந்ததும் தள்ளுதல் நிற்கும். மறுநாள் மீண்டும் தொடங்கும். அறுபது நாள், அறுபது முறை! கொப்புளம் எழுந்ததில் வியப்பென்ன?

அந்த வெள்ளை மாவு எது?

கிணற்று நீரில் உப்புகள் கரைந்திருக்கின்றன. குடிநீரில் கரைந்த திடப்பொருள் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது என்றும், வேறு நீர் கிடைக்காத இடத்தில் 2,000 வரை ஏற்கலாம் என்றும் இந்தியத் தர நிர்ணயம் சொல்கிறது. நாம் நடுவாக 1,000 மில்லிகிராம், அதாவது லிட்டருக்கு 1 கிராம் என்று கொள்வோம். நாள்தோறும் 100 மில்லி நீர் சுவர் வழியே ஆவியானால் 0.1 கிராம் உப்பு சுவரில் தங்கும். நீர் போகும், உப்பு போகாது. ஒரு மாதத்தில் 3 கிராம், ஓராண்டில் 36 கிராம். ஒரு கைப்பிடி உப்பு!

இந்த உப்பு எங்கே படிகிறது என்பதைப் பொறுத்தே எல்லாம் இருக்கிறது. சுவர் திறந்திருந்தால் நீர் வெளிப்பரப்பில் ஆவியாகும். உப்பும் அங்கேயே பூத்து நிற்கும். பழைய தொட்டிகளில் வெண்படலமாகக் காண்பது அதுதான். காய்ந்த தேங்காய் நார் கொண்டு தேய்த்தால் போய்விடும். ஆனால் சுவரைப் பூச்சு மூடியிருந்தால், எங்கே ஒரு சிறு கீறலோ கொப்புளமோ இருக்கிறதோ அங்கே பூச்சுக்கு அடியில் உப்பு படிகமாகும். வளரும் படிகம் தன்னைச் சுற்றியுள்ள சுவரை நெம்பித் தள்ளும். சிறு ஆலஞ்செடி கோயில் மதிலைப் பிளப்பதைப் பார்த்திருப்பீர்கள் அல்லவா? அதே வேலையை இங்கே உப்புப் படிகம் செய்கிறது. கொப்புளத்தைத் தொடங்கியது நீராவி என்றால், பூச்சை முழுதாகப் பெயர்த்தது உப்பு.

சுண்ணாம்பும் காவியும் ஏன் நின்றன?

நீற்றிய சுண்ணாம்பு கால்சியம் ஹைட்ராக்சைடு. அதை நீர்க்கக் கரைத்து ஈரமான தொட்டிமேல் பூசினால் சுண்ணாம்பு நீர் நுண்துளைகளுக்குள் நுழைகிறது. பின்னர் காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடை உண்டு கால்சியம் கார்பனேட்டாக, அதாவது சுண்ணாம்புக் கல்லாக மாறுகிறது. சுண்ணாம்பு நீரில் ஓரளவு கரையும். கார்பனேட்டோ அதில் நூறில் ஒரு பங்குகூடக் கரையாது. எனவே துளைக்குள் வேர்விட்ட கல்லாக அது நின்றுவிடுகிறது. அதே சமயம் இந்தப் பூச்சு ஒரு தொடர்ந்த தோல் அன்று. நுண்ணிய படிகங்களின் அடுக்கு. அவற்றின் இடுக்குகள் வழியே நீராவி தாராளமாக வெளியேறும்.

காவி என்பது இரும்பு ஆக்சைடு கலந்த மண். தொட்டியின் செந்நிறமும் இதே பொருளால் வருவதுதான். சூளையில் நல்ல காற்றோட்டம் இருந்தால் மண்ணிலுள்ள இரும்பு முழுதாக ஆக்சிஜன் ஏற்றுச் சிவக்கிறது. முழுதும் ஆக்சிஜன் ஏற்ற பொருளுக்கு மேலும் துருப்பிடிக்க இடமில்லை. ஆகையால் எத்தனை வெயிலிலும் காவி வெளுப்பதில்லை. சுண்ணாம்பின் காரமும் அதைக் கெடுப்பதில்லை. கோயில் மதில்களில் காவியும் வெள்ளையுமாகப் பட்டை அடித்த நம் முன்னோர் அழகை மட்டும் பார்த்து இந்த இரண்டையும் தேர்ந்தெடுத்திருக்க மாட்டார்கள்.

மஞ்சள் நிறத்துக்கு ஈரோட்டு மஞ்சளைக் குழைத்துப் பூசலாமே என்று உங்களில் சிலர் எண்ணலாம். பூசிப் பாருங்கள்! புதுச் சுண்ணாம்பின்மேல் பட்டதும் மஞ்சள் சிவந்துவிடும். மஞ்சளிலுள்ள குர்குமின் ஒரு காரங்காட்டி. ஆரத்தித் தட்டில் நடப்பதும் இதுவே. அன்றியும் மஞ்சளின் நிறம் வெயிலில் சில நாட்களில் வெளுத்துவிடும். நல்ல சோதனை, ஆனால் நல்ல பெயிண்ட் அன்று.

கொடுமணலில் ஒரு பாடம்

"மண்ணுக்கு மண்ணுதான் ஒட்டும்" என்ற சொல்லுக்குச் சான்று தேடி நாம் தொலைதூரம் போக வேண்டியதில்லை. சென்னிமலைக்கு மேற்கே நொய்யலின் வடகரையில் கொடுமணல் என்னும் சிற்றூர் இருக்கிறது. சங்க நூலான பதிற்றுப்பத்து கொடுமணம் என்று குறிப்பிடும் ஊர் இதுவே என்பர். 1985 முதல் தமிழ்ப் பல்கலைக்கழகம் இங்கு அகழாய்வு நடத்தியது. பின்னரும் பல முறை அகழாய்வுகள் நடந்துள்ளன. இரும்பு உருக்கிய உலைகள், மணிகள் செய்த பட்டறைகள், தமிழி எழுத்துப் பொறித்த பானை ஓடுகள் ஆகியவை இங்கு கிடைத்தன.

இங்கு கிடைத்த ஓடுகளில் ஒரு வகை நமக்கு மிகவும் வேண்டியது. செங்காவிப் பூச்சின் ஊடே வெளிர்நிறக் கோடுகள் ஓடும் ஓவியப் பானைகள் அவை. கொங்கு நாட்டில் இவ்வகை ஓடுகள் நிறையக் கிடைக்கின்றன. கயோலின் என்னும் வெண்களிமண்ணைக் குழைத்து முதலில் கோடுகளை வரைந்தார்கள். அதன்மேல் காவிக் குழம்பைப் பூசினார்கள். பிறகு சூளையில் வைத்தார்கள். பானையும் மண், கோடும் மண், பூச்சும் மண். மூன்றும் ஒரே நெருப்பில் வெந்து ஒன்றாகிவிட்டன. இரண்டாயிரம் ஆண்டுகள் ஈரத்திலும் உப்பிலும் புதைந்து கிடந்தும் அக்கோடுகள் உரியவில்லை. என் எனாமல் இரண்டு மாதம்கூடத் தாங்கவில்லை!

நம் வீட்டில் சூளை இல்லை. ஆகவே அவர்களைப் போல் சுட்டு நிலைப்படுத்த இயலாது. ஆனால் அவர்களுடைய கொள்கையைக் கடன் வாங்கலாம். பூச்சு சுவரின் மேல் ஒட்டிய தோலாக இருக்கக் கூடாது. சுவருக்குள் வேர்விட்டதாக இருக்க வேண்டும்.

செய்யும் முறை

புதுத் தொட்டியை ஒருநாள் நீரில் ஊறவையுங்கள். துளைகளில் அடைந்த தூசும் கரையும் உப்பும் ஓரளவு வெளியேறும். பின்னர் நிழலில் காயவைத்து, மேடு பள்ளங்களை உப்புத்தாளால் மெல்லத் தேய்த்துத் துடையுங்கள்.

கடையில் சுட்ட கிளிஞ்சலோ கல் சுண்ணாம்போ வாங்கி நீங்களே நீற்றாதீர்கள். 1 கிராம் சுட்ட சுண்ணாம்பு நீரை ஏற்கும்போது ஏறத்தாழ 270 கலோரி வெப்பம் வெளிப்படும். அது கொதித்துத் தெறித்தால் கண் போய்விடும். ஏற்கெனவே நீற்றி ஆறிய சுண்ணாம்பை மட்டும் பயன்படுத்துங்கள். அப்போதும் கையுறையும் கண்ணாடியும் வேண்டும்.

சுண்ணாம்பைப் பால் பதத்துக்குக் கரைத்துத் துணியில் வடிகட்டுங்கள். தொட்டியின்மேல் நீர் தெளித்து ஈரமாக்கிவிட்டு மெல்லிதாக ஒரு பூச்சுப் பூசுங்கள். கெட்டியாக ஒரே பூச்சாகப் பூசினால் வெடித்துப் பொடியாக உதிரும். ஒருநாள் விட்டு அடுத்த பூச்சு. இப்படி மூன்று பூச்சு. கடும் வெயிலில் உடனே காயவிடாதீர்கள். சுண்ணாம்பு கல்லாக மாறச் சிறிது ஈரமும் வேண்டும். மாலையில் பூசி நிழலில் வைப்பதே நல்லது. கடைசிப் பூச்சு சற்று ஈரமாக இருக்கும்போதே, காவியைச் சுண்ணாம்பு நீரில் குழைத்துக் கோலமோ பட்டையோ வரையுங்கள். ஈரத்தில் இட்ட நிறம் சுண்ணாம்போடு சேர்ந்தே இறுகும். இரண்டு வாரம் கழித்து மண்ணிட்டுச் செடி வையுங்கள்.

நீலமும் பச்சையும் வேண்டும் என்கிறீர்களா? நீரில் கரையும் அக்ரிலிக் வண்ணங்களைப் பயன்படுத்தலாம். ஆனால் சுவர் முழுவதும் பூசாமல் கோலமாக வரையுங்கள். 25 செ.மீ. விட்டமும் 25 செ.மீ. உயரமும் கொண்ட தொட்டியை ஓர் உருளையாகக் கொண்டால் பக்கப் பரப்பு ஏறத்தாழ 1,960 சதுர செ.மீ. கோலத்தின் கோடுகள் இதில் ஐந்தில் ஒரு பங்கை மூடினாலும் மீதி நான்கு பங்கு மூச்சுவிடும். வாசல் தரையைப் போலவே தொட்டியிலும், கோடு போடாத இடம்தான் கோலத்துக்கு உயிர்.

முழுவதும் பளபளப்பாக வேண்டும் என்றால் ஒரு வழி உண்டு. பெரிய தொட்டியை வண்ணம் பூசி வெளியே வையுங்கள். அதற்குள் பூசாத சிறு தொட்டி ஒன்றில் செடியை வைத்து இறக்குங்கள். இரண்டுக்கும் இடையே விரல் அளவு இடைவெளி இருக்கட்டும். வெளித்தொட்டியின் அடித்துளையையும் அடைக்காதீர்கள். அழகு வெளியே, மூச்சு உள்ளே.

பழைய டப்பா: ஓர் எச்சரிக்கை

இனிச் சொல்லப்போவது, நான் சொல்ல வெட்கப்படுகிற செய்தி. கொப்புளம் கிளம்பிய தொட்டிகளை என் மகள் வெறுங்கையால் உப்புத்தாள் கொண்டு தேய்த்துக்கொண்டிருந்தாள். மஞ்சள் தூசி அவள் மடியெல்லாம் படிந்திருந்தது. அருகில் கிடந்த டப்பாவை அப்போதுதான் திருப்பிப் பார்த்தேன். அடியில் 2009 என்று அச்சிட்டிருந்தது. "போதும், எழுந்திரு!" என்று நான் கத்தியதில் அவள் பயந்துவிட்டாள்.

காரணம் இதுதான். எனாமல் பெயிண்ட்டுகளில், சிறப்பாகப் பளிச்சிடும் மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு நிறங்களில், காரீயச் சேர்மங்களை நிறமியாகச் சேர்ப்பது நெடுங்கால வழக்கம். காரீயக் குரோமேட் மிக அழகிய மஞ்சள். ஆனால் காரீயம் நஞ்சு. வளரும் குழந்தைகளின் மூளையை அது பாதிக்கும். இவ்வளவு வரை தீங்கில்லை என்று சொல்லத்தக்க அளவு எதுவும் அறியப்படவில்லை என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். நம் நாட்டில் வீட்டுப் பெயிண்ட்டுகளில் காரீயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு, அதாவது கிலோவுக்கு 90 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2016 நவம்பரில் அறிவிக்கப்பட்டு, 2017 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய டப்பாவில் எவ்வளவு இருந்தது என்பதைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது.

காரீயம் ஒரு தனிமம். மக்கி அழியாது, வெயிலில் சிதையாது. உரிந்த பூச்சு மண்ணில் விழுந்தால் மண்ணிலேயே கிடக்கும். அந்த ஐந்து தொட்டிகளில் ஒன்றில் அரைக்கீரை விதைத்திருந்தோம். அந்தக் கீரையை நாங்கள் உண்ணவில்லை. மண்ணையும் தொட்டிகளையும் தோட்டத்தில் கொட்டாமல் சாக்கில் கட்டித் தனியே அப்புறப்படுத்தினோம். தூசி படிந்த இடத்தைத் துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத்துணியால் துடைத்தோம். மகளை மருத்துவரிடம் அழைத்துச் சென்று இரத்தத்தையும் சோதித்தோம். கவலைப்பட ஒன்றுமில்லை என்றார் மருத்துவர். முடிவு வரும்வரை நான் உறங்கவில்லை.

ஆகவே நினைவில் வையுங்கள்: எந்த ஆண்டுடையது என்று தெரியாத பெயிண்ட்டைத் தொடாதீர்கள். பழைய பூச்சை உலர்ந்த நிலையில் தேய்க்காதீர்கள். புதிய டப்பா வாங்கும்போதும் காரீயம் பற்றி அதில் அச்சிட்டிருப்பதைப் படித்துப் பார்த்து வாங்குங்கள். கீரையும் கறிவேப்பிலையும் வளர்க்கும் தொட்டிக்கு எனாமலே வேண்டாம்.

நீங்கள் செய்ய வேண்டிய ஆய்வு

ஒரே அளவுள்ள மூன்று சிறு தொட்டிகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றை அப்படியே விடுங்கள். இரண்டாவதற்குச் சுண்ணாம்பு. மூன்றாவதற்குப் புதிய கறுப்பு எனாமல். மூன்றின் அடித்துளையையும் மெழுகால் அடைத்து, ஒரே எடையில் மண்ணும் நீரும் இட்டு, மேல்வாயைப் பாலிதீன் தாளால் இறுக மூடுங்கள். இப்போது நீர் வெளியேறச் சுவரைத் தவிர வேறு வழியில்லை. காலை 7 மணிக்கும் பிற்பகல் 2 மணிக்கும் ஒவ்வொன்றையும் எடை போடுங்கள். ஒரு வெப்பமானியைத் தாளின் நடுவே செருகி மண்ணின் வெப்பநிலையையும் குறியுங்கள். ஒரு வாரம் செய்யுங்கள்.

எடை இழப்பு எதில் மிகுதி? மண் எதில் மிகுந்த சூடு? கறுப்புத் தொட்டி சூடேறுவதற்குக் காரணம் கறுப்பு நிறம் கதிர்களை ஈர்ப்பது மட்டுமா, அல்லது ஆவியாதல் நின்றுபோனதுமா? இந்த இரண்டையும் பிரித்தறிய நான்காவதாக ஒரு தொட்டி தேவைப்படும். அதற்கு என்ன பூச வேண்டும் என்று நான் சொல்லப்போவதில்லை. சிந்தித்துப் பாருங்கள். சரியான நான்காவது தொட்டியைத் தேர்ந்தெடுப்பவர், ஆய்வு என்றால் என்ன என்பதைக் கற்றுக்கொண்டவர் ஆவார்.

எங்கள் மாடியில் இப்போது புதிய தொட்டிகள் ஆறு நிற்கின்றன. வெள்ளைச் சுண்ணாம்பின்மேல் காவிக் கோலம். வரைந்தவள் என் மகள். ஒன்றில் மீண்டும் ஒரு கறிவேப்பிலைக் கன்று துளிர்த்திருக்கிறது. தொட்டி விற்ற அம்மாள் அவ்வழியே வந்தபோது அவற்றைப் பார்த்துவிட்டு, சுவரில் கைவைத்துச் சில்லென்று இருக்கிறதா என்று சோதித்தார். பிறகு ஒன்றும் சொல்லாமல் தலையசைத்தார். என் தேர்வில் நான் தேறிவிட்டேன் என்றே எடுத்துக்கொண்டேன்.